கடைக்கு வந்தவர் நாற்பது பேர், கதவைத் தட்டியது ஒன்றே முக்கால் லட்சம்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நானும் என் கணவரும் நைட்டி, சுடிதார் மெட்டீரியல் வியாபாரம் செய்கிறோம். மூன்று வருடமாக வெப்சைட்டும் உண்டு. என் நாத்தனார் மகன் வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளும் வூகாமர்ஸ் என்ற அதன் கடைப் பகுதியும் வைத்துச் செய்து கொடுத்தது. மலேசியாவின் கிளாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும்கூட அவ்வப்போது ஆர்டர் வரும். ஆடித் தள்ளுபடி சமயத்தில் "508" என்று ஏதோ காட்டிவிட்டு சைட் இரண்டு நாள் திறக்கவே இல்லை. சைட்டுக்கு சர்வர் இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்காரர்களைக் கேட்டால், "ஒரே நாளில் ஒன்றே முக்கால் லட்சம் ஹிட், உங்களால் மற்ற வாடிக்கையாளர்களுக்குப் பாதிப்பு, விபிஎஸ் வாங்குங்கள்" என்கிறார்கள். விபிஎஸ் என்றால் நமக்கென்று தனியாக ஒதுக்கும் சர்வர் பங்காம், மூன்று மடங்கு விலை. வருகிறவர்களை எண்ணும் அனலிடிக்ஸில் பார்த்தால் அன்றைக்கு வந்தது 40 பேர்தான். யார் பொய் சொல்கிறார்கள்? எதிர்க்கடைக்காரர் ஆள் வைத்துச் செய்கிறாரோ என்று என் கணவருக்குச் சந்தேகம். பையனோ, வெளிநாடு முழுக்க பிளாக் பண்ணிவிடலாம் என்கிறான். ஓடிபி மெசேஜுக்கும் அந்த மாதம் எக்கச்சக்கமாகப் பணம் போயிருக்கிறது. அவர்கள் கொடுத்த ஒரு நாள் லாக் ஃபைலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது?
பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சகோதரிக்கு வணக்கம். விபிஎஸ்ஸுக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

யாரும் பொய் சொல்லவில்லை. பக்கம் திறந்ததும் பிரவுசருக்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடினால்தான் அனலிடிக்ஸில் ஒருவர் என்று கணக்கு ஏறும். தானாக ஓடும் நிரல்கள், பாட் என்கிறோமே, அவற்றில் பெரும்பாலானவை அந்த ஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. பக்கத்தை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். சர்வர் லாக், அதாவது சைட்டைத் தாங்கும் கணினியின் வருகைப் பதிவேடு, அப்படியில்லை, வந்து கேட்ட ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதிவிடும். மனுஷர் ஒருவர் ஒரு பக்கம் திறந்தாலே படம், எழுத்துரு என்று ஐம்பது வரி விழும். உங்கள் 40 பேரும் ஆளுக்கு ஐந்து பக்கம் பார்த்தார்கள் என்று வைத்தாலும் பத்தாயிரம் வரி. மிச்சம் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் யாருடையது என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த லாக்கோடு உட்கார்ந்தேன். அதிகாலை 3 மணி 12 நிமிடத்தில் ஒரு வரி: நைட்டி பிரிவு, மெரூன், நேவி புளூ, பாட்டில் கிரீன் மூன்றும் டிக், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் இரண்டும் டிக், விலை குறைவிலிருந்து அதிகம், ஏழாம் பக்கம். இரண்டு நொடி கழித்து வேறொரு ஐபி முகவரியிலிருந்து (வருகிறவரின் இணைப்புக்கான எண்) அதே தேடல், கூடவே ரோஸ் கலர். இன்னும் இரண்டு நொடியில் மஞ்சளும் சேர்ந்துகொண்டது. எந்த வீட்டில் எந்தப் பெண் அந்த நேரத்துக்கு எழுந்து இப்படி நைட்டி தேடுகிறாள்?

உங்கள் சைட்டுக்கே போய் எண்ணிப் பார்த்தேன். நைட்டியில் மொத்தம் 210 மாடல். பக்கவாட்டில் 9 நிறம், 6 சைஸ், 4 விதமாக வரிசைப்படுத்தும் வசதி. ஒன்றுக்கு மேல் டிக் செய்யலாம் என்பதால் நிறத்தில் மட்டும் 512 சேர்க்கை, சைஸில் 64 சேர்க்கை. 512-ஐ 64-ஆல் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கினால் 1,31,072. இருநூற்றுப் பத்து நைட்டிக்கு ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் பக்க முகவரி! ஒவ்வொன்றும் பாட்டின் கண்ணுக்குத் தனித்தனிப் பக்கம். ஒரு லிங்க் கண்ணில் பட்டால் அதற்குள் போவது, உள்ளே இருக்கும் லிங்க்குகளுக்குள் மறுபடி போவது, அதுதான் அதன் வேலை. வழி காட்டி உள்ளே அழைத்தது உங்கள் ஃபில்டர், அந்த டிக் பெட்டிகள்தான்.

இதில் வலிக்கும் இடம் ஒன்று உண்டு. முகப்புப் பக்கத்தை ஆயிரம் பேர் கேட்டாலும் சர்வருக்குச் சிரமமில்லை. ஒரு தடவை தயார் செய்து கேஷில் வைத்துவிட்டால் கட்டி வைத்த பொட்டலம் மாதிரி எடுத்து எடுத்துக் கொடுத்துவிடும். ஃபில்டர் பக்கம் ஒவ்வொரு தடவையும் புதுச் சேர்க்கை, பொட்டலம் கிடையாது. டேட்டாபேஸைத் தோண்டி அப்போதுதான் கட்ட வேண்டும். "கூடையில் சேர்" என்பதும் உங்கள் சைட்டில் வெறும் லிங்க்தான். பாட் அதையும் தொடுகிறது. தொட்ட ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸில் ஒரு கூடை பிறக்கிறது. வூகாமர்ஸ் அதை வழக்கமாக இரண்டு நாள் வைத்திருக்கும். பையனை கூடைகளைப் பதிந்து வைக்கும் செஷன் டேபிளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆளில்லாத கூடைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும்.

வந்தவர்கள் யார்? பெயர் சொல்லி வந்தவை சில: ஏஐ கம்பெனிகளுக்காகப் பக்கம் சேகரிக்கும் கிராலர்கள், தேடலில் சைட்டை முன்னே கொண்டுவர உதவும் எஸ்இஓ கருவிகளின் கிராலர்கள். கூகுளின் கிராலரான கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வந்த ஐந்து ஐபி முகவரிகளைச் சோதித்தேன், இரண்டு போலி. முகவரியைத் திருப்பித் தேடினால் கூகுள்பாட் டாட் காம் என்றோ கூகுள் டாட் காம் என்றோ முடியும் பெயர் வர வேண்டும். அந்தப் பெயரை மறுபடி தேடினால் அதே முகவரி வர வேண்டும். அந்த இரண்டும் அதில் தேறவில்லை. பெரிய கூட்டம் மூன்றாவது வகை. "நான் குரோம் பிரவுசர்" என்று சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தடவை மட்டும் வந்து போயிருக்கிறது. அவற்றில் பல நம் ஊர் பிராட்பேண்ட், மொபைல் முகவரிகள். சாதாரண ஜனங்களின் போனிலும் டிவி பெட்டியிலும் ஏதோ இலவச ஆப் வழியாகக் குடியேறி, அவர்கள் இணைப்பை வாடகைக்கு விடும் வியாபாரம் ஒன்று இருக்கிறது. ரெசிடென்ஷியல் பிராக்ஸி என்பார்கள். அது வழியாக வருவதை வாசலில் வைத்து அடையாளம் காண்பது கஷ்டம்.

இதற்கும் எதிர்க்கடைக்காரருக்கும் சம்பந்தமில்லை, உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். லாக்கில் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தையும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற கோப்பையும் விடாமல் தட்டியிருக்கிறார்கள். நீங்கள் வைத்தே இராத, டேட்டாபேஸை நிர்வகிக்கும் பிஎச்பி-மைஅட்மினையும் பேக்கப் ஜிப்பையும் கேட்டிருக்கிறார்கள். இது ஆள் பார்த்து வருவதல்ல. தண்டையார்பேட்டையில் எங்கள் ஆபீஸில் ஒரு புது சர்வரை நெட்டில் ஏற்றிவிட்டு டீ சொன்னால், டீ வருவதற்குள் யாரோ ஒருவன் ரூட் என்ற தலைமைக் கணக்கின் பெயரில் பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்திருப்பான். அந்த சர்வருக்கு அப்போது பெயர்கூட வைத்திருக்க மாட்டோம்.

தட்டுகிறவனும் பல சமயம் மனுஷன் இல்லை. 2016-இல் மிராய் என்று ஒரு தீய நிரல் வந்தது. கேமரா, டிவிஆர் (கேமராப் பதிவுப் பெட்டி), ரவுட்டர் இவற்றில் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்ட் மாறாமல் இருக்கிறதா என்று அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும். திறந்தால் அந்தப் பெட்டி அதன் படையில் ஒரு ஆள். அந்த வருடம் அக்டோபர் 21-ஆம் தேதி டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் கம்பெனியை, அதாவது சைட் பெயரை சர்வர் முகவரியாக மாற்றித் தரும் கம்பெனியை, அப்படி அடித்ததில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. உங்கள் கல்லாவுக்கு மேலே கேமராப் பெட்டி இருக்குமே, பர்மா பஜாரில் வாங்கியதோ வேறெங்கோ, அதன் பாஸ்வேர்டை யாராவது மாற்றினீர்களா? இன்றைக்கு மாற்றிவிடுங்கள். உங்களைத் தட்டும் கூட்டத்தில் பாரிமுனைக் கடையின் டிவிஆர் இருக்கலாம், வேறு யாரையோ தட்டும் கூட்டத்தில் உங்களுடையது இருக்கலாம்.

ஹோஸ்டிங்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும், நானும் அந்தத் தொழிலில்தான் பதினெட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். நீங்கள் எடுத்திருப்பது ஷேர்டு ஹோஸ்டிங். ராயபுரத்துப் பழைய வீடுகளில் எட்டுக் குடித்தனம், ஒரே அடிபம்பு என்று இருக்குமே, அதுதான் இது. ஒரு போர்ஷனில் கல்யாணம் வைத்தால் மற்ற ஏழு பேருக்கும் குடம் நிறையாது. நியாயம்தான். ஆனால் உங்களுக்கு வந்த 508 பெரும்பாலும் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட சர்வரில் வருவது; இவருக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஆளாளுக்கு அளவு கட்டிவிடும் ஏற்பாடு அது. அளவு கட்டியாகிவிட்டது என்றால் உங்கள் சைட் தள்ளாடும், மற்றவர்களுக்கு ஏன் பாதிப்பு? இதை மரியாதையாகக் கேளுங்கள். இரண்டு நாள் மூடியது எனக்கு அதிகமாகவே படுகிறது. ஒரு போன் செய்து, அந்த ஃபில்டர் முகவரிகளை மட்டும் நிறுத்தியிருக்கலாம், பத்து நிமிட வேலை.

விபிஎஸ் வேண்டாம் என்றது இதனால்தான். முடிவில்லாத சந்துக்குள் போகும் பாட்டுக்கு வேகமான சர்வர் கொடுத்தால் இன்னும் வேகமாகப் போகும். தவிர, விபிஎஸ் எடுத்தால் அப்டேட், பேக்கப், ஃபயர்வால் எல்லாம் உங்கள் தலையில். அதை யார் பார்ப்பது?

முதல் வேலை ஃபில்டர். 210 மாடலுக்கு இத்தனை டிக் பெட்டி எதற்கு என்று நிஜமாகவே யோசியுங்கள். உங்கள் மொத்த வியாபாரிகள் வாட்ஸ்அப் கேட்டலாக் பார்த்துத்தானே எடுக்கிறார்கள்? நிறத்தை எடுத்துவிட்டு சைஸை மட்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று என்று வைத்தால் 1,31,072 என்பது முப்பதுக்குள் வந்துவிடும். எடுக்க மனசில்லை என்றால், ஃபில்டர் லிங்க்காக இல்லாமல் பட்டன் அழுத்தினால் வேலை செய்யும்படி பையனை மாற்றச் சொல்லுங்கள். லிங்க் கண்ணில் படாவிட்டால் பெரும்பாலான பாட் உள்ளே போகாது.

அடுத்து ரோபோட்ஸ் கோப்பு, பாட்களுக்கு என்று எழுதி வைக்கும் அறிவிப்பு. ஃபில்டர் முகவரிகளுக்கும் கூடை முகவரிக்கும் வராதே என்று அதில் எழுதி வைக்கலாம். 1994-இல் மார்ட்டைன் கோஸ்டர் ஆரம்பித்த பழக்கம், 2022-இல்தான் முறையான தரமாக அச்சில் ஏறியது. "இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்" என்று சுவரில் எழுதுவது மாதிரிதான் இது. கூகுள், பிங் மாதிரி பெரிய ஆட்கள் மதிப்பார்கள், பெயர் சொல்லி வரும் ஏஐ கிராலர்களிலும் பல மதிக்கும். மதிக்காதவன் மேல் நடவடிக்கை எடுக்க அந்தக் கோப்புக்குக் கையில்லை. ரகசிய ஃபோல்டர் பெயரை மட்டும் அதில் எழுதாதீர்கள். திருடனுக்கு நீங்களே எழுதிக் கொடுத்த வழிப்படம் ஆகிவிடும்.

பையன் சொல்லும் வெளிநாட்டு பிளாக் வேண்டாம். கிளாங், கொழும்பு ஆர்டர் போய்விடும். கூகுளின் கிராலர் பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்து வருகிறது, அதை அடைத்தால் தேடலிலிருந்தே மெல்ல மறைவீர்கள். இத்தனையும் செய்த பிறகும் சென்னை முகவரி போட்டுக்கொண்டு வருகிறவன் வந்துகொண்டேதான் இருப்பான்.

ஐபி முகவரிகளாகப் பார்த்து அடைப்பதும் கை சுடும் வேலை. ஒருமுறை நானே செய்தேன். காசிமேட்டில் வலை, கயிறு விற்கும் ஒருவருடைய சைட்டை ஒரு தொகுதி முகவரிகள் ராத்திரி முழுக்கப் பிய்த்தன. மொத்தத் தொகுதியையும் அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஏழு மணிக்கு போன்: "அண்ணே, கடை கம்ப்யூட்டர்ல திறக்குது, போன்ல திறக்கல. லாஞ்ச்காரங்க யாருக்குமே திறக்கலயாம்." மொபைல் கம்பெனிகள் ஒரே ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரிக்குப் பின்னால் ஏராளமான சந்தாதாரர்களை உட்கார வைத்திருப்பார்கள். நான் அடைத்தது பாட்டை மட்டுமில்லை, துறைமுகத்தின் பாதி போன்களையும். அன்றிலிருந்து முகவரியைப் பார்த்து அடைப்பதைவிட, எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்த்து அந்தக் கதவில் காவல் போடுவதுதான் என் வழக்கம்.

அந்தக் காவலுக்கு, சைட்டுக்கு முன்னால் நின்று வருகிறவரை வடிகட்டும் கிளவுட்ஃபிளேர் சேவையின் இலவசத் திட்டமே உங்களுக்குப் போதும். டொமைனின் (சைட் பெயரின்) நேம்சர்வரை, அதாவது அந்தப் பெயருக்கு வழி சொல்லும் சர்வரை, அவர்களுடையதாக மாற்றினால் வருகிறவர் எல்லோரும் அவர்கள் வாசல் வழியாக வருவார்கள். அங்கே மூன்றே விதி போடச் சொல்லுங்கள். ஃபில்டர், கூடை முகவரியைக் கேட்பவருக்கு மட்டும் மனுஷர்தானா என்று பார்க்கும் ஒரு சோதனைப் பக்கம். லாகின் பக்கத்துக்கும் அதே. எக்ஸ்எம்எல்-ஆர்பிசி முழுக்க அடைப்பு. ஒரே கோரிக்கையில் நூற்றுக்கணக்கான பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்க இடம் கொடுத்த கோப்பு அது, ஜெட்பேக் பிளகினோ வேர்ட்பிரஸ் மொபைல் ஆப்போ பயன்படுத்தாத உங்களுக்குத் தேவையில்லை.

இங்கே எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று: பேமென்ட் கேட்வே, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை. பணம் வந்தது என்று உங்கள் சைட்டுக்கு வந்து சொல்வதும் ஒரு நிரல்தான், அதுவும் பாட் மாதிரிதான் தெரியும். அதன் முன்னால் சோதனைப் பக்கத்தை நீட்டினால் அது என்ன செய்யும், திரும்பிப் போய்விடும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் போயிருக்கும், உங்கள் ஆர்டர் "பென்டிங்" என்றே நிற்கும், போனில் திட்டு விழும். அது வந்து சொல்லும் பக்க முகவரியை எல்லா விதிகளிலிருந்தும் விலக்கி வையுங்கள்.

இன்னொன்று ஹோஸ்டிங்காரரிடம் சொல்ல வேண்டியது. இனி அவர் சர்வருக்கு வருவதெல்லாம் கிளவுட்ஃபிளேர் முகவரிகளாகத் தெரியும். நிஜ வாடிக்கையாளரின் முகவரியை எடுத்துப் படிக்கும்படி சர்வரை அமைக்காவிட்டால், அவருடைய ஃபயர்வால் "இந்த ஆள் ரொம்பத் தட்டுகிறான்" என்று கிளவுட்ஃபிளேரையே அடைத்துவிடும். சைட் மொத்தமாகப் படுத்துவிடும், ஆளாளுக்கு மற்றவரைக் கை காட்டுவார்கள். பழைய சர்வர் முகவரி ஏற்கெனவே வெளியே தெரிந்தது என்பதால் நேராக அங்கே வருகிறவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கிளவுட்ஃபிளேர் சர்வரோக நிவாரணி என்று நினைத்துவிட வேண்டாம். 2025 நவம்பர் 18-ஆம் தேதி உலகம் முழுக்க எத்தனையோ சைட்கள் சில மணி நேரம் திறக்கவில்லை, ஞாபகம் இருக்கும். காரணம், பாட்டை அடையாளம் காண அவர்கள் வைத்திருக்கும் ஒரு கோப்பு தவறுதலாக இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது, அதைப் படிக்கும் மென்பொருள் தாங்காமல் விழுந்துவிட்டது. வாசலில் நின்ற காவலாளியே மயங்கி விழுந்து வழியை அடைத்த கதை. டொமைன் லாகின், ஹோஸ்டிங் லாகின் இரண்டும் பையனிடம் மட்டும் இல்லாமல் உங்கள் கையிலும் இருக்கட்டும், அப்படி ஒரு நாள் வந்தால் நேம்சர்வரை நீங்களே திருப்பிக்கொள்ளலாம்.

இனி ஓடிபி. லாக்கில் ஓடிபி அனுப்பும் முகவரியை மட்டும் நேராகக் கேட்டவர்கள் நிறைய. முகப்பைப் பார்க்கவில்லை, ஒரு நைட்டியைக்கூடப் பார்க்கவில்லை, வந்ததும் "இந்த நம்பருக்கு ஓடிபி அனுப்பு". எஸ்எம்எஸ் பாம்பர் என்று சில நிரல்கள் உண்டு, வேண்டாதவன் போனுக்கு மெசேஜாகக் கொட்டுவதற்கு. காசு கொடுத்து அனுப்பாது. உங்களை மாதிரிக் காவலில்லாத ஓடிபி பெட்டிகளைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு வரிசையாக அழுத்தும். செலவு உங்களுடையது. மெசேஜ் மேல் இருப்பது உங்கள் கடை ஹெடர் (அனுப்பியவர் பெயர்) என்பதால் திட்டும் உங்களுக்குத்தான்.

ஒரு நம்பருக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று ஓடிபி, இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம், நாள் முழுக்க இவ்வளவு என்று ஒரு உச்சவரம்பு, அதைத் தொட்டால் உங்கள் போனுக்கு எச்சரிக்கை. ஓடிபி பட்டனுக்கு முன்னால் கிளவுட்ஃபிளேரின் டர்ன்ஸ்டைல் மாதிரி, மனுஷர்தானா என்று பார்க்கும் ஒரு சோதனைப் பெட்டி. பையனிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: அந்தப் பெட்டியைப் பக்கத்தில் ஒட்டினால் மட்டும் போதாது, அது கொடுக்கும் டோக்கனை (சோதனையில் தேறியதற்கான சீட்டை) சர்வர் பக்கத்தில் சரிபார்த்த பிறகே மெசேஜ் போக வேண்டும். பாட் பக்கத்தைத் திறப்பதே இல்லையே, ஒட்டிய பெட்டி அதன் கண்ணில் எப்படிப் படும்? இதை விட்டுவிட்டு "கேப்ட்சா போட்டும் நிற்கவில்லை" என்று எங்களிடம் வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவர்.

ஜூன், ஜூலை லாக்கையும் கேட்டு வாங்குங்கள், இது எப்போது ஆரம்பித்தது என்று தெரியும். பழசு இல்லை என்றால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி போட்ட உத்தரவைச் சொல்லுங்கள். சேவை நடத்துபவர்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சண்டையாகச் சொல்ல வேண்டாம், தெரிந்தவர் மாதிரி சொன்னால் போதும்.

எல்லாம் போட்டதும் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் கடையிலேயே விலை குறைந்த நைட்டி ஒன்றை நிஜப் பணம் கட்டி வாங்குங்கள். ஓடிபி வருகிறதா, ஆர்டர் "பிராசஸிங்" என்று மாறுகிறதா பாருங்கள். கிளாங் வாடிக்கையாளர் ஒருவரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் லாக்கை எனக்கு மறுபடி அனுப்புங்கள். வரிகள் குறைந்த பிறகும் தீபாவளி நெருக்கத்தில் 508 வந்தால், அது வாங்க வந்த கூட்டம். அன்றைக்கு விபிஎஸ் எடுக்கலாம், எந்த அளவு போதும் என்று நானே சொல்கிறேன்.